அடித்தல் திருத்தலுடன்

வணக்கம் சார்,

ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். படித்தது பி.காம்., அறிவியல் பின்னணி கிடையாது. கார்த்திகை நட்சத்திரக் கொத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையின் கடைசியில், நம் பால்வீதியிலேயே யாரும் பார்க்காத கொத்துகள் தூசிக்குப் பின்னால் இன்னும் இருக்கின்றன, அகச்சிவப்பில்தான் அவை தெரியும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு, அலாதின் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் ஏற்றி, ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அகச்சிவப்புப் படங்களைப் பார்த்து வருகிறேன்.

ஸ்கூட்டம் என்ற விண்மீன் மண்டலப் பகுதியில் ஓரிடத்தில் சிவப்புப் புள்ளிகள் நெருக்கமாகக் குவிந்திருக்கின்றன. சாதாரண ஒளியில் எடுத்த படத்தில் அதே இடம் கிட்டத்தட்டக் காலி. படம் இணைத்துள்ளேன். இது புதிய கொத்தா? ஆம் என்றால் யாரிடம் சொல்வது? என் மகள் பெயரை வைக்க முடியுமா?

இன்னும் இரண்டு சந்தேகம். இதையெல்லாம் இனி ஏஐ கண்டுபிடித்துவிடும், நீ கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே என்கிறார் மைத்துனர். அப்புறம், நம் சித்தர்கள் அகச்சிவப்பையெல்லாம் ஞானக்கண்ணால் பார்த்தவர்கள் என்று அலுவலக நண்பர் ஒருவர் சொல்கிறார். உங்கள் கருத்து என்ன?

முருகவேல்

அன்புள்ள முருகவேல்,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் ஏறக்குறைய இதே விஷயத்தில்தான் இருந்தேன். பால்வீதியின் கொத்துப் பட்டியல்களை எடுத்துவைத்து, அவற்றில் எவையெல்லாம் பிற்பாடு நீக்கப்பட்டன என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் பதில். இல்லையென்றால் மற்ற கடிதங்களோடு இதுவும் கிடந்திருக்கும்.

முதலில் திட்டிவிடுகிறேன், அப்புறம் மனசு விட்டுப் பேசலாம். நீங்கள் அனுப்பியிருப்பது கணினித் திரையைச் செல்போனில் எடுத்த படம். அதில் டியூப்லைட் வெளிச்சம் விழுந்திருக்கிறது. எந்த ஆய்வின் படம், எந்த அலைநீளம், படத்தின் அகலம் எவ்வளவு, வானத்தில் அது எந்த இடம், ஒன்றும் இல்லை. வட்டம் போட்டு மகளின் பெயரை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர் நீங்கள். தேதியும் தொகையும் இல்லாத வவுச்சர் மேசைக்கு வந்தால் கையெழுத்துப் போடுவீர்களா? ஸ்கூட்டம் பகுதி என்றால் எனக்கு என்ன புரியும்? பால்வீதியில் நட்சத்திரங்கள் மிக நெருக்கமாகத் தெரியும் இடங்களில் அது ஒன்று. அங்கே எங்கே தொட்டாலும் புள்ளிகள்தான்.

நண்பரின் சித்தர் விஷயத்தை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். அறுமீனைப் பார்க்கக் கண் போதும், நம் ஆட்கள் பார்த்தார்கள், பாடினார்கள், அது நிஜம், அழகு. இரண்டு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) அலைநீள அகச்சிவப்பைப் பார்க்க, லெட் சல்ஃபைடு மாதிரி அதை உணரும் ஒரு பொருள் வேண்டும். மைத்துனருக்குப் பதில் இன்னும் சின்னது: குவியலைக் கண்டுபிடிப்பதில் இயந்திரம் நம்மைவிடக் கெட்டிதான், ஆனால் குவியலைக் கண்டுபிடிப்பதில் ஒருபோதும் சிரமம் இருந்ததில்லை.

எது சிரமம் என்பதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் தூசி.

வில்லியம் ஹெர்ஷல் விருச்சிகப் பகுதியில் நட்சத்திரமே இல்லாத ஒரு கரிய இடத்தைப் பார்த்து, வானத்தில் ஓட்டை இருக்கிறது என்றாராம். அவருடைய தங்கை கரோலின் பிற்பாடு நினைவுகூர்ந்தது அது. 1919-ல் எட்வர்ட் எமர்சன் பார்னார்ட் அப்படிப்பட்ட 182 கரும்பகுதிகளைப் பட்டியலிட்டபோதும், அவை எல்லாம் திரைதானா, சில நிஜமான காலியிடங்களா என்பது முழுசாகத் தீரவில்லை. தீர்த்துவைத்தவை கொத்துகள். 1930-ல் கலிஃபோர்னியாவின் லிக் ஆய்வகத்தில் ராபர்ட் டிரம்ப்ளர், நட்சத்திரங்கள் தளர்வாகச் சிதறிக் கிடக்கும் திறந்த கொத்துகள் நூறின் தூரத்தை நட்சத்திரங்களின் பிரகாசத்தை வைத்துக் கணக்கிட்டார். கணக்கு விசித்திரமாக வந்தது. தூரத்தில் உள்ள கொத்துகள் எல்லாம் பக்கத்தில் உள்ளவற்றைவிட உருவத்தில் பெரியவையாக இருந்தன. நம்மிடமிருந்து விலக விலகக் கொத்துகள் பருத்துக்கொண்டே போக என்ன காரணம் இருக்க முடியும்? ஒன்றும் இல்லை. அப்படியென்றால் தூரக் கணக்கில்தான் கோளாறு. வழியில் ஏதோ ஒன்று ஒளியை மங்கவைக்கிறது, மங்கியதை நாம் தூரம் என்று எடுத்துக்கொள்கிறோம். நட்சத்திரங்களுக்கு நடுவில் எங்கும் தூசி பரவியிருக்கிறது என்பது இப்படித்தான் உறுதியானது. எனக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்புகளில் ஒன்று இது. அந்த ஆள் புதிதாக எதையும் வானத்தில் பார்க்கவில்லை, பொருந்தாத ஒரு பத்தியைப் பார்த்து இது ஏன் பொருந்தவில்லை என்று கேட்டார்.

அந்தத் தூசித் துகள்கள் மிகப் பொடி, பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் கிட்டத்தட்ட அந்த அளவில் இருப்பதால் நன்றாக மாட்டிக்கொள்கிறது. அலைநீளம் கூடக் கூட அது துகள்களைத் தாண்டி வந்துவிடுகிறது. பால்வீதியின் மையத்திலிருந்து நம்மை நோக்கிக் கிளம்பும் சாதாரண ஒளியில், லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுதான் வந்து சேர்கிறது. 2.2 மைக்ரான் அகச்சிவப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்று வருகிறது. மறைந்த கொத்துகளைத் தேடும் தொழில் முழுக்க இந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

முதலில் அதைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் கலிஃபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்து ஜெரி நோய்கபவர், ராபர்ட் லெய்டன் இருவரும். கண்ணாடி வாங்கப் பெரிய பணம் இல்லை. லெய்டன் ஓர் அலுமினியத் தட்டில் எப்பாக்சி பிசினை ஊற்றி, மெதுவாகச் சுழலவிட்டு, சுழன்றபடியே இறுகவிட்டார். சுழலும் திரவத்தின் மேற்பரப்பு தானாகவே பரவளைய வடிவம் எடுக்கும். இறுகிய பிறகு அதன்மேல் அலுமினியம் பூசினால் 62 அங்குலத் தொலைநோக்கிக் கண்ணாடி தயார். நல்ல படம் எடுக்க அது லாயக்கில்லை, ஆனால் அவர்கள் படம் எடுக்கப் போகவில்லை, வெப்பத்தை எண்ணப் போனார்கள். 1960-களில் மவுண்ட் வில்சனில் அதை வைத்து வானத்தை வரி வரியாகத் துழாவி, 1969-ல் 5,612 பொருள்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டார்கள். முப்பதாண்டு கழித்து 2மாஸ் என்ற அகச்சிவப்பு ஆய்வு வந்தது. அரிசோனாவில் ஒன்று, சிலியில் ஒன்று என்று 1.3 மீட்டர் தொலைநோக்கிகள் இரண்டு, 1997 முதல் 2001 வரை வானம் முழுவதையும் மூன்று அலைநீளங்களில் எடுத்தன. அதில் 47 கோடிப் புள்ளிகள். அப்புறம் சிலியின் பரனால் பகுதியில் 4.1 மீட்டர் விஸ்டா தொலைநோக்கி. 2010-ல் தொடங்கிய அதன் விவிவி ஆய்வு, பால்வீதியின் நடுப்புடைப்பையும் தட்டின் தெற்குப் பக்கத்தில் ஒரு பகுதியையும் வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் படம் எடுத்தது. விரிவாக்கத்தையும் சேர்த்து 2024-ல் வெளியான வரைபடத்தில் 150 கோடிப் பொருள்கள்.

இவற்றிலிருந்து கொத்துகள் கூடை கூடையாக வந்தன. 2000-ல் 2மாஸ் படங்களிலிருந்து, பந்து போல் திரண்டிருக்கும் கோளக் கொத்துகள் இரண்டு. 2005-ல் ஸ்பிட்சர் விண்தொலைநோக்கியின் படங்களிலிருந்து 92 கொத்துகள். 2011-ல் யூரா போரிஸ்ஸோவாவின் குழு விவிவி படங்களிலிருந்து 96. அந்தக் கடைசிக் குழு பெரும்பாலும் எப்படிக் கண்டுபிடித்தது தெரியுமா? படங்களைத் திரையில் போட்டுக் கண்ணால் பார்த்து. நீங்கள் ராத்திரியில் செய்கிற அதே காரியம்தான். மைத்துனரிடம் சொல்லலாம்.

தொழில்முறை ஆட்கள் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். 2006-ல் 'டீப் ஸ்கை ஹண்டர்ஸ்' என்ற ஆர்வலர் குழு, பொதுவில் கிடைத்த 2மாஸ் படங்களையும் பழைய புகைப்படத் தகடுகளின் மின்பதிப்பையும் துழாவி, 66 உத்தேசக் கொத்துகளை முறையான ஆய்விதழில் வெளியிட்டது. அந்தக் குழுவைச் சேர்ந்த டேனா பேட்சிக் பார்த்துவைத்த ஒன்று, பேட்சிக் 99, கோளக் கொத்துதான் என்று 2021-ல் உறுதிசெய்யப்பட்டது. 'மில்கி வே புராஜெக்ட்' என்று இன்னொன்று. ஸ்பிட்சர் படங்களில் வாயுக் குமிழிகளை அடையாளம் காட்டும்படி பொதுமக்களைக் கேட்டார்கள். பங்கெடுத்தவர்கள் குமிழிகளோடு சேர்த்துச் சின்னச் சின்ன மஞ்சள் உருண்டைகளையும் பார்த்து, இது என்ன என்று கேட்டார்கள். கேட்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நட்சத்திரங்களும் கொத்துகளும் பிறக்கிற, இன்னும் வளராத இடங்கள் அவை என்று பிற்பாடு தெரிந்தது. ஆக, பி.காம். என்பதெல்லாம் ஒரு தடையே இல்லை. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது.

இனி நான் நிஜமாகவே சொல்ல வந்தது.

கல்லூரியில் எங்களுக்கு இயற்பியல் நடத்திய ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஆறு அங்குலக் கண்ணாடியைத் தானே மாதக்கணக்கில் தேய்த்து, மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்திருந்தார். அதைவிட எனக்கு நினைவில் நிற்பது அவருடைய நோட்டு. மளிகைக் கடையில் பற்று எழுதுவார்களே, அந்த நீள நோட்டு. இடது பக்கம் தேதி, மணி, வானத்தில் இடம், என்ன தெரிந்தது என்று நீல மையில் இருக்கும். வலது பக்கத்தின் தலைப்பு, 'ஏன் இல்லை'. மங்கலாக ஒரு திட்டு தெரிந்தால் உடனே எழுதுவார். பிறகு நாள் கணக்கில் அதைச் சோதிப்பார். பெரும்பாலும் விடிவதற்குள்ளேயே அடிபடும். ஸ்டீல் ஸ்கேல் வைத்து சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு. கீழே இருப்பது நன்றாகப் படிக்கவேண்டும், கிறுக்கினால் கோபம் வரும். வலது பக்கம் காரணம்: 'ஏற்கெனவே தெரிந்தது, எம் 80.' 'லென்ஸில் பனி.' 'கிழக்கு வீட்டு மாடி பல்பு.' 'இரண்டு நட்சத்திரம், அதிக உருப்பெருக்கத்தில் பிரிந்துவிட்டது.' ஒரு பக்கத்தில் பதினைந்து வரி என்றால் பதினான்கு சிவப்பாக இருக்கும்.

தப்பான பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டால் நோட்டு சுத்தமாக இருக்குமே சார் என்று வகுப்புத் தோழன் ஒருவன் கேட்டான். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "கிழிச்சிட்டா அடுத்த வருஷம் இதையே மறுபடியும் கண்டுபிடிப்போம்டா" என்றார்.

அவர் பெயரில் வானத்தில் ஒன்றும் இல்லை. ஓய்வுபெற்று, சர்க்கரையில் கண் மங்கி, மாடி ஏறமுடியாமல் போன பிறகும் அந்த நோட்டுகளைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார். உறவினர் ஒருவர் என்னிடம், "இவ்வளவு வருஷம் பார்த்து ஒண்ணுகூடக் கண்டுபிடிக்கலையே, பாவம்" என்றார். எனக்கு வந்த கோபம் இன்றும் அடங்கவில்லை, முருகவேல். நம்மூரில் அறிவியல் என்றாலே கண்டுபிடிப்பு என்ற ஒற்றைப் புரிதல்தான். புதிய நட்சத்திரக் கூட்டம் கண்டுபிடிப்பு என்றால் நாளிதழில் படத்தோடு போடுவார்கள். போன வருடம் அப்படிப் போட்டது கொத்தே இல்லை என்று தெரிந்தால் எந்தப் பத்திரிகையும் ஒரு பத்திச் செய்திகூடப் போடாது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினால் மதிப்பெண். அடித்துத் திருத்தத் தெரிந்த பிள்ளைக்கு யார் மதிப்பெண் போடுகிறார்கள்?

கொத்துகளின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1780-ல் பிரெஞ்சு வானியலாளர் மெஸ்ஸியே கும்ப ராசிப் பக்கம் நெருக்கமாக நான்கு நட்சத்திரங்களைப் பார்த்துத் தன் பட்டியலில் 73-ம் எண்ணாகச் சேர்த்தார். அது கொத்தா, சும்மா ஒரே திசையில் தெரியும் நாலு பேரா என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. அந்த நான்கும் வேறு வேறு தூரத்தில், வேறு வேறு திசையில் போய்க்கொண்டிருக்கின்றன என்று 2002-ல்தான் அளந்து காட்டினார்கள். 222 வருடம்! நாலே நாலு நட்சத்திரத்துக்கு.

டெர்ஸான் கொத்துகள் என்று ஒரு வரிசை உண்டு. 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் ஆகொப் டெர்ஸான் பால்வீதி மையத்தின் பக்கம் தேடிப் பிடித்த கோளக் கொத்துகள். எண் 1 முதல் 10 வரை இருக்கிறது, அடுத்து 12. பதினொன்று கிடையாது. ஐந்தாம் எண்ணும் பதினோராம் எண்ணும் ஒரே கொத்து. நல்லவேளை, பன்னிரண்டு இன்றும் பன்னிரண்டாகவே இருக்கிறது. அந்த விடுபட்ட எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் என் ஆசிரியரின் ஸ்டீல் ஸ்கேல்தான் ஞாபகம் வருகிறது.

2007-ல் ஃபிரோப்ரிஷ், ஷோல்ஸ், ராஃப்டரி மூவரும் கண்ணை நம்பாமல், 2மாஸ் தரவில் நட்சத்திர அடர்த்தியைக் கணினியால் அளந்து பால்வீதித் தளத்தின் இருபுறமும் தேடினார்கள். 1,788 குவியல்கள் கிடைத்தன, அதில் 1,021 புதியவை. புதியவற்றில் பாதி அளவுக்குக் கொத்தாகவே இருக்காது என்று அந்தக் கட்டுரையிலேயே அவர்கள் எழுதினார்கள். பாதி! இதை எழுத ஒரு நேர்மை வேண்டும். பிறகு வந்த ஆட்கள் வருடக்கணக்கில் ஒவ்வொன்றாக எடுத்து, இது கொத்து, இது இல்லை என்று பிரித்தார்கள். பிறகு கையா வந்தது. நூறு கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் நகர்வை அளந்த செயற்கைக்கோள். ஒரே கொத்தில் இருப்பவை ஒன்றாக நகரவேண்டும், அதுதான் கடைசிச் சோதனை. 2020-ல் காந்தா-கோதானும் ஆண்டர்ஸும் அந்த அளவுகளை வைத்து, பட்டியல்களில் காலகாலமாக இருந்த பல கொத்துகள் வெறும் கானல் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். நான் முழுக்க உட்கார்ந்து படித்த வானியல் கட்டுரைகள் கொஞ்சம்தான், அதில் அது ஒன்று. கையா பார்த்தது சாதாரண ஒளியில் என்பதால், அடர்ந்த தூசிக்குப் பின்னால் அதற்கும் கண் தெரியவில்லை. அங்கே விவிவி போல வருடக்கணக்கில் எடுத்த அகச்சிவப்புப் படங்களை வைத்துத்தான் நகர்வை அளக்கவேண்டும்.

இப்போது உங்கள் வட்டத்துக்கு வருவோம். ஸ்கூட்டம் பகுதியில் இரண்டு பொறிகள் உண்டு.

ஒன்று, நீங்கள் பார்த்தது நிஜமான கொத்தாகவே இருக்கலாம், ஆனால் உங்களுக்கு முன்னாலேயே ஆள் வந்து போயிருக்கலாம். 1990-ல் ஸ்டீஃபன்சன் அந்தப் பக்கம் மிகச் சிவந்த நட்சத்திரங்களின் குவியல் ஒன்றைப் பார்த்தார். 2007-ல் அதில் 26 செவ்வதிபேரொளி நட்சத்திரங்கள், அதாவது பருத்துச் சிவந்த ராட்சத நட்சத்திரங்கள், இருப்பதாக அளந்தார்கள். ஒவ்வொன்றும் சூரியனைப்போல் பல்லாயிரம் மடங்கு ஒளி வீசுபவை. அவ்வளவு வெளிச்சமும் தூசியைத் தாண்டி நம் கண்ணுக்கு வந்து சேரவில்லை. அதற்கு முந்தைய வருடம் அதே பகுதியில் ஃபைகர் குழு 14 செவ்வதிபேரொளி நட்சத்திரங்கள் கொண்ட இன்னொரு கொத்தைக் காட்டியது. பால்வீதியின் நடுப்பட்டை முடியும் இடத்துக்கு அருகே, சுமார் இருபதாயிரம் ஒளியாண்டு தள்ளி இருக்கின்றன இவை. சிவப்பு, நெருக்கம், சாதாரணப் படத்தில் காலி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இவைதான்.

இரண்டாவது பொறி மோசமானது. தூசி எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இல்லை. நடுவில் மெலிந்த ஓர் இடம் இருந்தால் அதன் வழியாகப் பின்னால் உள்ள நட்சத்திரங்கள் கூடுதலாகத் தெரியும். சுற்றிலும் குறைவு, நடுவில் நெருக்கம், அதனால் பார்க்க அச்சு அசலாகக் கொத்து. பால்வீதி மையத்தின் பக்கம் பாடேயின் சன்னல் என்று ஒரு பெரிய இடமே இப்படி உண்டு. வால்ட்டர் பாடே அதன் வழியாகத்தான் நடுப்புடைப்பின் நட்சத்திரங்களை ஆராய்ந்தார். பெரிய சன்னல் என்றால் ஏமாறமாட்டோம், சின்னச் சின்ன சன்னல்கள்தான் ஆளைக் கவிழ்ப்பவை.

பிரித்துப் பார்க்கும் வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. உங்களுக்கு எக்செல் தெரியும். அலாதினிலேயே 2மாஸ் பட்டியலை ஏற்றி, உங்கள் வட்டத்துக்குள் இருக்கும் நட்சத்திரங்களின் ஜே, கே என்ற இரண்டு அகச்சிவப்பு அலைநீளங்களின் ஒளி அளவுகளை இறக்குங்கள். அதே அளவில் பக்கத்தில் நாலு திசையிலும் நாலு வட்டம் போட்டு அவற்றையும் இறக்குங்கள். முதலில் வெறும் எண்ணிக்கை. பக்கத்து வட்டங்களில் இருபது இருபது இருக்க, உங்களுடையதில் இருபத்தைந்து என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம், நாலைந்து கூடுவதும் குறைவதும் சகஜம். இத்தனை பெரிய வானத்தில் தற்செயலாகவே கொத்து போலத் தெரியும் இடங்கள் எக்கச்சக்கமாக இருக்கும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்றால் அடுத்த படி. ஜே-யிலிருந்து கே-யைக் கழித்து அதைக் குறுக்கே வையுங்கள், கே-யை நெடுக்கே வையுங்கள், ஐந்து வட்டத்துக்கும் ஐந்து வரைபடம். கொத்து என்றால் உங்கள் வட்டத்தில் மட்டும் ஒரு வரிசை எழும்பி நிற்கும், மற்ற நாலில் அது இருக்காது. சன்னல் என்றால் உங்கள் வட்டத்து நட்சத்திரங்கள் சுற்றியுள்ளவற்றைவிடச் சிவப்புக் குறைவாக இருக்கும், அதாவது ஜே-கே கழித்த எண் சின்னதாக இருக்கும், ஏனென்றால் அங்கே தூசி மெலிது. இதையெல்லாம் செய்தாலும் உறுதி ஆகாது, நகர்வும் நிறமாலையும் பார்த்தால்தான் உறுதி. ஆனால் இல்லை என்று தெரிந்துகொள்ள இது தாராளமாகப் போதும்.

அதற்கும் முன்னால் ஸ்ட்ராஸ்பர்க் ஆட்களின் சிம்பாத் தரவுத்தளத்தில் உங்கள் இடத்தின் ஆயத்தொலைவுகளைப் போட்டு, சுற்றி ஐந்து கலை (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒன்று) அளவுக்குள் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அலாதினைச் செய்தவர்களும் அவர்களேதான், ஒரு சொடுக்கில் வரும். இதை நீங்கள் எனக்கு எழுதுவதற்கு முன்னாலேயே செய்திருக்கவேண்டும். 2019-ல் பிக்காவின் குழு தொகுத்த பட்டியலில் மட்டும் கொத்துகள், கூட்டங்கள், உத்தேசங்கள் எல்லாம் சேர்த்து 10,978 இருக்கின்றன. காலி மனை என்று நினைத்துப் போகிற இடத்தில் பெரும்பாலும் யாரோ ஏற்கெனவே கல் ஊன்றியிருப்பார்கள்.

பெயர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முடியாது. கொத்துகளுக்குப் பட்டியலின் சுருக்கமும் எண்ணும்தான் வழக்கம், சிலவற்றுக்குப் பார்த்தவரின் குடும்பப் பெயரும் எண்ணும். காசு வாங்கிக்கொண்டு நட்சத்திரத்துக்குப் பெயர் வைத்துச் சான்றிதழ் தருகிறோம் என்று விளம்பரம் வரும், அதில் பத்து ரூபாய்கூடப் போடாதீர்கள். மகளுக்கு என்ன வயது என்று எழுதவில்லை. எட்டு, ஒன்பது என்றால் ஐந்து வட்டத்திலும் புள்ளிகளை எண்ணும் வேலையை அவளிடம் கொடுங்கள். உங்களுடைய வட்டம் எது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் அப்பாவுக்காக இரண்டு புள்ளி கூட எண்ணிவிடுவாள்.

அடுத்த கடிதத்தில் ஆயத்தொலைவுகள், வட்டத்தின் ஆரம், ஐந்து எண்ணிக்கை, ஐந்து வரைபடம், இவ்வளவும் வேண்டும். சிம்பாத்தில் ஏதாவது அகப்பட்டாலோ வரைபடத்தில் வரிசை எழும்பாமல் போனாலோ, ஐயோ வீணாயிற்று என்று எழுதாமல் இருந்துவிடாதீர்கள். அதையும் காரணத்தோடு எழுதி அனுப்புங்கள், இதே இடத்தில் உங்கள் பெயரோடு போடுகிறேன்.